கோபுரம் மௌனமானால் பேசும் குரல்

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டத் தலைவர் அவர்களே, சமயப் பெரியவர் கலீஃபா அவர்களே, சுகாதாரத் துறைத் தோழர்களே, ஆற்றங்கரை ஊர்களிலிருந்து லாரி பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, முன் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் தம்பி மெஹ்ரோப் அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இதே பண்பாட்டு இல்லத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். நவ்ரூஸ் புத்தாண்டுக்குப் பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்றவர்களை வழியனுப்பப் பேசியிருக்கிறேன். இன்று இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொறியாளர் ஸரிஃப்மோ குலோப்ஷோயெவா இறந்துவிட்டார். அவரைச் சுமந்த தோள்களில் என் தோளும் ஒன்று. ஆனால் அடக்கம் செய்த மூன்றாம் நாள் நம்மோடு பேசியவரை எந்த வாயால் நான் இறந்தவர் என்பேன்?

சுகாதாரத் துறையில் அவரோடு வேலை பார்த்தவன் நான்; அவர் என்ன வேலை செய்தார் என்று பலருக்குத் தெரியாது. நம் சுகாதார நிலையங்களுக்கு டேப்லெட் கணினிகள் வந்தபோது, ஒவ்வொன்றையும் கையால் அமைக்க ஆள் ஏது? ஒரே ஒரு அமைப்புப் பொதியைச் செய்தார் ஸரிஃப்மோ. அதை ஏற்றிவிட்டால் போதும், கருவி தன்னைத் தானே அமைத்துக்கொள்ளும். அந்தப் பொதிக்குள் நிபந்தனைகள் வைத்தார். இந்த சிம் இருந்தால் இப்படி நட. அந்தக் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் கேட்டால் அப்படி நட. பொதி ஒன்றுதான். ஊருக்கு ஊர் அது வேறு வேறாக நடந்துகொள்ளும்.

ஏன் நிபந்தனை? பாஞ்ச் ஆற்றின் அக்கரை ஆப்கானிஸ்தான். அவர்கள் கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால் ஓடுகிறது. கரையோர ஊர்களில் டேப்லெட் சில சமயம் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துவிடும். அரை மணி நேரம் பின்னால் போய்விடும். காசநோய்க்காரருக்கு மாத்திரை மணி தப்பி அடிக்கும். ஆறு நேரத்தைத் தின்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஸரிஃப்மோ ஒரு நிபந்தனை எழுதினார்: அக்கரைக் கோபுரம் கேட்டாலும் நம் நேரத்தை விடாதே. அதோடு ஆறு தின்பதை நிறுத்தியது.

அடுத்து ஒரு நிபந்தனை எழுதினார். அதைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

தெர்ஸுத் ஊருக்கான நம் கோபுரம் மலையிடுக்கின் மேல்முனையில், ஊரிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறது. கோடையில் பனி உருகினால் சேற்று வெள்ளம் இறங்குவதும் அந்த வழியாகத்தான். ஒரு நாள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஸரிஃப்மோ என்னிடம் கேட்டார்.

"ஓதில்ஷோ அண்ணா, நம்ம கோபுரம் திடீர்னு ஊமையாகி, அக்கரைக் கோபுரம் மட்டும் கேட்டா என்ன அர்த்தம்?"

"கரண்ட் போயிருக்கும்."

"கரண்ட் போனா பேட்டரி ஓடும். பேட்டரியும் சேர்ந்து போச்சுன்னா, மேலேருந்து ஏதோ இறங்கி வருதுன்னு அர்த்தம்."

அப்போது டேப்லெட் எச்சரிக்கை அடிக்கட்டும் என்பதுதான் அந்த நிபந்தனை. பொய்யாக அடித்தால் என்ன செய்வது என்றேன். "சும்மா மேட்டுல ஏறி இறங்கினா கால்தானே வலிக்கும்" என்று சிரித்தார்.

எச்சரிக்கையைச் சொல்ல ஒரு குரல் வேண்டும். இயந்திரத்துக்கு நம் மொழி தெரியாது. மின்விசிறிச் சத்தம் விழாமலிருக்கத் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸரிஃப்மோவே பேசிப் பதிந்தார். அப்போதே நெஞ்சில் நோய் இருந்தது. பதிவின் முடிவில் மூச்சு வாங்குவது கேட்கும். அதை வெட்டிவிடலாம் என்றேன். இருக்கட்டும், மனுஷி பேசுறான்னு தெரியணும் என்றார்.

ஜூலையில் அவர் போய்விட்டார். கணவர் மெஹ்ரோபின் ஊரான தெர்ஸுத்தில், மேட்டில் உள்ள இடுகாட்டில் அடக்கம் செய்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகல். மெஹ்ரோபின் வீட்டில், நம் வீடுகளுக்கே உரிய ஐந்து தூண்களுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஷிர்ச்சோய்ப் பால்தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஊர்ச் செவிலி ஸவ்ரி, நிலையத்தின் டேப்லெட்டைப் பையோடு கொண்டுவந்து தூணோரம் வைத்திருந்தார். கலீஃபா ஓதி முடித்து, அறை அமைதியாக இருந்தது.

பைக்குள்ளிருந்து ஸரிஃப்மோ பேசினார்.

"ஆத்தோரம் நிக்காதீங்க. வீட்டுக்குள்ளயும் இருக்காதீங்க. எல்லாரும் மேட்டுக்கு ஏறி வாங்க."

பிறகு அந்த மூச்சு.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். மெஹ்ரோப் வாசலைத் திரும்பிப் பார்த்து, மனைவி வெளியே போய்விட்டு வந்தவர்போல, "வந்துட்டியா?" என்றார். அந்த ஒரு சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நிபந்தனை எனக்குத் தெரியும். பதிவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நானும் வாசலைப் பார்த்தேன். குரல் மறுபடி பேசியது. அதே சொற்கள், அதே மூச்சு.

ஸவ்ரிதான் முதலில் எழுந்தார். "உயிரோட இருந்தப்போ அவ பேச்சைக் கேட்டீங்கல்ல? இப்பவும் கேளுங்க. ஏறுங்க."

ஏறினோம். கிழவர்களை முதுகில் சுமந்து ஏறினோம். அந்த ஊரில் மேடு என்றால் இடுகாடுதான். இன்னும் காயாத அந்த மண்ணைச் சுற்றி ஊர் முழுவதும் நின்றது. மண்ணுக்குக் கீழே ஸரிஃப்மோ. மெஹ்ரோப் பையிலிருந்து எடுத்துச் சால்வையில் சுற்றி வந்த டேப்லெட்டில், "மேட்டுக்கு ஏறி வாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்ததும் ஸரிஃப்மோ. ஏறி வந்துவிட்டோமே, இன்னும் யாரை அழைக்கிறாள் என்று ஒரு கிழவி முணுமுணுத்தார். உடனே எல்லோரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஆள் எண்ணினோம். செவிட்டு மேய்ப்பர் யோதகோரைக் காணவில்லை. இரண்டு பேர் ஓடி இறங்கி அவரை இழுத்து வந்தார்கள்.

அவர்கள் மேலே வந்து மூச்சு வாங்குவதற்குள் மலையிடுக்கு உறுமியது. கறுத்த சேறு வந்தது. பாறைகள் அதில் உருண்டன. கீழ்த்தெரு போயிற்று. சர்க்கரைப் பாதாமிப் பழத் தோட்டம் போயிற்று. நாங்கள் உட்கார்ந்திருந்த வீடு, ஐந்து தூண்களோடு, ஆற்றுக்குள் போயிற்று. ஓர் உயிர் போகவில்லை.

குரல் நிற்கவில்லை. குழந்தைகள் பயந்து அழுதார்கள். அதை நிறுத்த எனக்குத் தெரியும் என்பதால் கையை நீட்டினேன். மெஹ்ரோப் டேப்லெட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணா. பேசி முடிக்கட்டும்."

பேட்டரி தீரும்வரை அது பேசியது.

அன்பர்களே! துறையில் இப்போது வேறு குரலைப் போடலாம் என்கிறார்கள். இறந்தவர் குரல் பீதி தரும் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். மெஹ்ரோபிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "வேற யாரு சொன்னாலும் ஜனங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. இவ சொன்னா யோசிக்க மாட்டாங்க."

ஆகவே இந்த மேடையில் உறுதி கூறுகிறேன். மலையிடுக்குகளுக்குக் கீழே இருக்கும் மற்ற ஊர்களுக்கும் ஸரிஃப்மோவின் பொதியை ஏற்றுவேன். அவர் எழுதிய நிபந்தனையைக் காப்பேன். அந்த மூச்சை வெட்டமாட்டேன்.

இனி ஒவ்வொரு கோடையிலும் நாம் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். சகோதரி ஸரிஃப்மோ, உன்மேல் எங்களுக்கு இருக்கும் அன்பு குறையாது. ஆனாலும் ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறோம்: உன் குரலை நாங்கள் இனி ஒருபோதும் கேட்காமலிருக்க வேண்டும்.