ஐந்தாம் பாத்திக்குச் சாம்பல் போட்டது சம்பந்தமாக

என் பெயர் சுடலைமாடத்தி, வயது 54, கணவர் பெயர் சங்கரலிங்கம் (லேட்). சாயர்புரம் அருகே தனியாக வசித்து வருகிறேன். என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் உர மூட்டை இறக்கும் வேலை பார்த்து ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. நான் ஊருக்கு மேற்கே உள்ள ஒரு தனியார் ஆராய்ச்சிப் பண்ணையில் களையெடுக்கும் வேலை பார்த்து வருகிறேன்.

கடந்த 09.10.2025 அன்று அங்கு உளுந்து விதைத்தார்கள். ஆய்வு மாணவி ஜெப்ஸி என்பவர் பன்னிரண்டு பாத்தி பிரித்து, பொட்டாஷ் உரத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டார். மூன்று பாத்திக்கு மட்டும் அறவே போடவில்லை. அதில் ஐந்தாம் பாத்தி, நான் மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் வரப்பை ஒட்டி உள்ளது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பாத்தியில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகியது. "இதுக்கு மட்டும் ஏம்மா ஒண்ணும் போடல?" என்று கேட்டேன். அதற்கு ஜெப்ஸி, "அது வாடணும்க்கா. அது வாடுனாத்தான் பொட்டாஷ் என்ன செய்யுதுன்னு காட்ட முடியும்" என்றார். பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஒரு இலைக்கு மட்டும் பரிமாறாமல் போவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது.

அதன் பிறகு, பண்ணையைப் பார்க்க வந்தவர்களிடம் அடுப்புச் சாம்பலிலும் அதே சத்து உண்டு என்று ஜெப்ஸி சொல்லக் கேட்டேன். அதன் பிறகு வீட்டில் சிலிண்டர் இருந்தும் விறகடுப்பு மூட்டினேன். ஒரு ஆளுக்குப் பொங்கினால் சாம்பல் ஒரு கை தேறாது. ஆகவே, கணவர் இறந்ததிலிருந்து ஒரு வேளை மட்டும் பொங்கி வந்த நான் இரண்டு வேளை பொங்கினேன். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல இருந்தது. காலையில் மற்றவர்கள் வரும் முன்பு சாம்பலைத் தூரில் தூவி மண் அணைத்தேன்.

மூன்று வாரத்தில் செடி தெளிந்து காய் திரண்டது. மற்ற இரண்டு பாத்தியும் கருகி நிற்க இது மட்டும் பச்சையாக நின்றதால் மண்ணைச் சோதித்தார்கள்; அதில் பொட்டாஷ் சத்து கூடுதலாக இருந்தது. அதன் பிறகு, உர அறைச் சாவி வைத்திருக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி வேண்டுமென்றே பொட்டாஷ் போட்டு ஆராய்ச்சியைக் கெடுத்ததாகப் புகார் கொடுத்தார்கள். நேற்று போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவர் என்னிடம், "ஏளா மாடத்தி, நான் அந்தப் பக்கமே போகலன்னு நீயாவது சொல்லேன்" என்றார். நான் பேசாமல் நின்றேன். அது தப்பு. வேலை போனால் பேச்சுக்குக்கூட ஆள் இருக்காதே என்று பயந்துவிட்டேன்.

இன்று நானாகவே காவல் நிலையம் வந்தேன். சாம்பல் போட்டது நான். வன்னியபெருமாளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. ஜெப்ஸியின் படிப்பைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

என்னைப் பற்றி யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பெண் காவலர் ஜெயபிரியா கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

பெயர் எழுத வேண்டிய அந்த ஒரு இடம் காலியாக இருக்கிறது. மற்றபடி மேலே உள்ளது எல்லாம் நான் சொல்லி எழுதியது, வாசித்துக் காட்டக் கேட்டேன், உண்மை.

(இடது பெருவிரல் ரேகை)
சுடலைமாடத்தி
19.12.2025