லாரிக்கு நான் காட்டிய வழி

மலைக்காற்று தாலாட்டும் இந்த மாலைக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் கலாவதி அம்மையார் அவர்களே! நம் மலை மண்ணுக்குள் பாக்சைட் தாது இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்க வந்து, இன்று நம் மனத்திற்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்க வந்திருக்கும் பொறியாளர் யுவராஜ் அவர்களே! சாமையும் ராகியும் விளைவித்து இந்த மேட்டுக்கு மேன்மை சேர்த்த பெரியவர்களே! கொட்டும் பனியில் காப்பிப் பழம் பறித்துப் பறித்துக் கை காய்த்துப்போன என் தாய்மார்களே! பின்னால் நிற்கும் தம்பிமார்களே! (முன்னால் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.) அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் வனிதா. கிளியூரில் பிறந்து, செம்மநத்தத்திற்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்லூரியில் விலங்கியல் படித்தவள். நான்கு வயது தீபிகாவின் தாய். மேடை எனக்குப் புதிது. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நம் முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று. துளையிடும் இயந்திரம் ஏறிப்போகும் தடத்தில் ஜல்லி கொட்டி, இருபுறமும் கம்பிவேலி கட்டிச் சாலையாக்கக் கம்பெனி நம்மிடம் ஒப்புதல் கேட்கிறது. கொடுக்கலாமா, கூடாதா?

அந்தத் தடம் யாருடையது? எஸ்டேட்டுடையதா? ஊராட்சியுடையதா? இல்லை. காட்டெருமையுடையது! விடியலில் மேல்காட்டிலிருந்து ஓடைக்கு இறங்கி, வெயில் ஏறுமுன் திரும்பிப்போகும் தடம் அது. காப்பிச் செடிக்குக் கவாத்து செய்யும் நம் பெண்கள், வெட்டிய கிளைகளை எங்கும் போடுவார்கள். அந்தத் தடத்தில் மட்டும் போடமாட்டார்கள். யார் சொன்னார்கள்? எந்தச் சட்டம் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. கைக்கே தெரியும்.

மாசி மாதம் பொறியாளர் வந்து கேட்டார்: "ஏம்மா, லாரி ஏறுற அகலத்துக்கு மேல வழி இருக்கா?"

"இருக்குதுங்க சார். ஒரு குச்சி கெடக்காது, வாங்க" என்று முன்னால் நடந்து காட்டியவள் யார் தெரியுமா? நான்! விலங்கியல் படித்த நான்! துடைத்துவைத்ததுபோல் கிடந்த தடத்தைப் பார்த்தேன். யாருக்காகத் துடைத்துவைத்தோம் என்று நினைத்துப் பார்த்தேனா? என் கணவர் சிவக்குமாருக்கு அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. சீக்கிரம் தொடங்கட்டுமே என்ற அவசரம் என் அறிவை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து விடியலிலேயே அந்தத் தடத்தில் லாரி ஏறுகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்கா, தீபிகாவையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போனார். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக் குழாயடியில் காட்டெருமை ஒன்று. அதன் காலோரம் கன்று. அக்கா கத்தவில்லை, ஓடவில்லை. "கண்ணுகளா, மூச்சுக்கூட உடாதீங்க" என்று துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நால்வரையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்தடி தூரம்! கால் மணி நேரம்! அது முட்ட வரவில்லை, முறைக்கவில்லை. வழி தெரியாமல் நின்றது. அவ்வளவுதான்.

என் மகள் ஓடிவந்து சொன்னாள்: "அம்மா, மாடு அதோட பாப்பாவ அங்கன்வாடிக்குக் கூட்டியாந்துச்சு!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கி மடியில் வைத்தேன்; அதற்குப் பிறகு இறக்கிவிட மனம் வரவில்லை. சின்னத்தாயி அக்கா சும்மா விடுவாரா? "ஏனுங்க காலேஜ் அம்மணி, லாரிக்கு வழி காட்டுனீங்க, நொம்ப சரி. மாட்டுக்கு யாருங்க வழி காட்டுவாங்க?" என்றார்.

என்ன அண்ணா? வெடி போட்டு விரட்டலாமா? விரட்டலாம். எங்கே விரட்டுவீர்கள்? மேலே இயந்திரம், கீழே நம் வீடு. வேலி கட்டிவிட்டால் அந்தத் தாய் தினமும் குழாயடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒருநாள் போல ஒருநாள் இருக்குமா?

அங்கே ஒரு குரல், "கம்பெனியே வேண்டாம், திருப்பி அனுப்புங்க" என்கிறது. ஐயா, அலுமினியக் குண்டானில் சோறு வடிக்கிறவள் நான். அந்த அலுமினியத்தைத் தரும் மண்ணைத் தொடவே தொடாதே என்று எந்த வாயால் சொல்வேன்? முதல் பஸ் பிடித்துச் சேலத்துக்கு வேலை தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்த்து என்ன சொல்வேன்? கம்பெனி தாதுவைத் தேடட்டும். ஆனால் தடத்தை விட்டுவிட்டுத் தேடட்டும்! தாது கிடைத்தால் தோண்டலாமா என்பது வேறு கேள்வி. அதற்கும் இதே மைதானத்தில் கூடுவோம்.

எஸ்டேட் எல்லையில் சில்வர் ஓக் மரவரிசை ஓரமாக ஒரு சுற்றுவழி இருக்கிறது. லாரி அதில் ஏறட்டும். வெயில் ஏறிய பிறகு இயந்திரம் ஓடட்டும். இதைப் பொறியாளரிடம் கேட்டேன். "மேட்ட வெட்டிச் சரிபண்ண மூணு வாரமாகும்மா. அதுவரைக்கும் யாருக்கும் வேலை இருக்காதே" என்றார். உண்மைதான். முதலில் நிற்கப்போவது என் வீட்டுக்காரர் ஓட்டும் லாரி.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை. அதோ, கடைசி வரிசையில் குழந்தையோடு நிற்கிறார். ஏனுங்க, உங்களைக் கேட்காமலே ஊரைக் கேட்டுவிட்டேன். மூன்று வாரம் வண்டி ஓடாது. சம்மதமா?

என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி... "மம்பட்டி எடுத்துக்கிட்டு மேடு வெட்ட நானே வர்றேன். நீ வெரசா முடி, புள்ள தோள்லயே தூங்கிருச்சு" என்கிறார்!

தாய்மார்களே, பெரியவர்களே! வேலி வேண்டாம், சுற்றுவழி போதும் என்பவர்கள் கை உயர்த்துங்கள். தலைவர் அம்மையார் அவர்களே, தீர்மானத்தை எழுதச் சொல்லுங்கள். தவறான வழியைக் காட்டியவள் நான். முதல் கையெழுத்தை நானே போடுகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, என் பிள்ளையை வாங்கிக்கொள்ள இறங்குகிறேன். வணக்கம்.