பழைய வெர்ஷனுக்கு ஓர் அர்ச்சனை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆபீஸ் அட்டையோடு இரண்டு பெண்கள்.

"பழைய வெர்ஷனுக்கெல்லாமா அக்கா அர்ச்சனை பண்ணுவாங்க?" என்று இளையவள் சிரித்தாள்.

"சிரிக்காத லா. பிடோக் நர்சிங் ஹோம்ல நம்ம மருந்து சாஃப்ட்வேர் இன்னும் பழசுதானே? புதுசுல பண்ண திருத்தத்தை அதுலயும் போட்டேன். ஒரு இடத்துல பழைய புரோகிராம் வரியும் புது வரியும் முட்டிக்கிச்சு. எது வேணும்னு கம்ப்யூட்டர் கேக்குது."

"புதுசையே எடுத்துக்க வேண்டியதுதானே?"

"அப்படித்தான் கை போச்சு. பழைய வரியைப் படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. ஒரே மாத்திரைய ரெண்டு தடவ குடுக்கப் போனா நர்ஸைத் தடுக்கிறதே அந்த வரிதான். புதுசுல அந்தச் சோதனைய வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. பழசுல அங்க மட்டும்தான் இருக்கு."

"ஐயோ! அப்புறம்?"

"ரெண்டையும் சேத்து எழுதினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். மத்தியானம் அங்க போட்டாச்சு. இப்பதான் மூச்சே வருது."

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. "யார் பேருக்கு, என்ன நட்சத்திரம்?" என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

"அந்த ஹோம்ல இருக்கிற வயசானவங்க எல்லாருக்கும். ஒருத்தர் நட்சத்திரமும் தெரியாதே அண்ணே."

"அப்போ சாமி பேருக்கே போட்டுடலாம்மா."

பிடோக்கில் எனக்கு யாரும் இல்லை. இருந்தாலும் என் வீட்டார் பெயர்களைச் சொன்ன பிறகு, சாமி பேருக்கும் ஒரு சீட்டு வாங்கினேன்.