மூன்று நாற்பதுக்கு நான் ஓடினேன்

ஓடுகிறேன். "ஏட்டி, ஓடு! மதில் விழுது, ஓடு!" கத்திக்கொண்டே ஓடுகிறேன். சந்தில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். பின்னால் சத்தம். முதலில் கனத்த துணியைக் கிழிப்பதுபோல். பிறகு லாரியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

சந்து முனைக் குழாயடியில் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். சந்து இல்லை.

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று நாற்பது. செம்பூரிலிருந்து டிராம்பே போகும் வழியில், குன்றுச் சரிவில் எங்கள் சந்து. ஆறு வீடுகள். மேலே மண்ணைத் தாங்கி ஒரு கல் மதில். மூன்று நாளாக விடாத மழை.

என் பெயர் செல்வராஜ். குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. பட்டறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் அன்று வீட்டில் இருந்தேன். மனைவி ஜெயராணி. அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளுக்குச் சமைப்பவள். மழையில் அவளும் போகவில்லை. எங்கள் வீட்டுத் தூளியில் பக்கத்து வீட்டு முத்துலட்சுமியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தர்ஷினி. ஒன்றரை வயது. அம்மா தையல் வேலைக்குப் போயிருந்தாள்.

மதிலில் விரிசல் விட்டபோது நானும் ஜெயாவும் வாசலில் நின்றோம். தூளி எனக்கு நினைவிருந்தது. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நினைவிருந்தது. நான் கீழே ஓடினேன். அவள் உள்ளே ஓடினாள்.

நான்கு இருபது. "பீச்சே ஹட்டோ! மெஷின் பந்த் கரோ!" பின்னால் விலகச் சொல்லி மீட்புக்காரர்கள் கத்துகிறார்கள். மண் அள்ளும் இயந்திரம் நிற்கிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். கல்லுக்கு அடியில் குழந்தை அழுகிறது. மெல்லிய குரல். முத்துலட்சுமி வந்துவிட்டாள். வெறும் கையால் மண்ணைப் பிறாண்டுகிறாள். இரண்டு பேர் பிடித்து இழுக்கிறார்கள்.

ஐந்து முப்பத்தைந்து. அழுகை நின்றது.

ஆறு நாற்பதுக்கு ஜெயாவை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடது காலின் மேல் இரும்பு உத்திரம். மார்போடு அணைத்தபடி குழந்தை. அதற்கு உயிர் இல்லை.

யாரோ என் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினார்கள். "கையப் பிடிச்சிக்கிட்டுதான் ஓடுனோம். வழுக்கிட்டு" என்றேன். வாயில் தானாக வந்தது. அழவும் செய்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். வலது கையில் இரண்டு விரல். ஏழு வாரம் கழித்து தாராவிக்கு வந்தோம். மைத்துனன் வீட்டுக் கீழறை. மூன்று பேர் படுத்தால் நிறையும் இடம்.

காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். பிடித்துச் சுடவைக்கிறேன். அவளைத் தூக்கி உட்காரவைக்கிறேன். மலம் எடுக்கிறேன். கட்டைப் பிரிக்கிறேன். ஒட்டிய பஞ்சு சதையோடு வருகிறது. அவள் துண்டைக் கடித்துக்கொள்கிறாள். சத்தம் போடுவதில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இல்லாத கால் அரிக்கும். "பெருவிரல் அரிக்கி. சொறிஞ்சு விடுங்க" என்பாள். முதல் முறை புரியாமல் விழித்தேன். பிறகு கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பாயைச் சொறிந்தேன். "அங்க இல்ல. இன்னும் கீழ." கீழே சொறிந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இது நடந்தது. அரிப்பு நிஜமா, எனக்குத் தண்டனையா, தெரியாது. கேட்டதில்லை.

குழாயடிப் பெண்கள் அவளிடம் சொல்வார்கள்: "உம் புருசன் தங்கம்ட்டி. எவன் இப்படிப் பாப்பான்?" என் பொய்யை அவள் எங்கேயும் மறுக்கவில்லை. அதுதான் என்னை அரித்தது.

மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் நீட்டிய கஞ்சியைத் தட்டிவிட்டாள். சுடுகஞ்சி என் தொடையில் கொட்டியது. அறைந்தேன். அவள் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிங்க. இப்ப என்னால ஓட முடியாதுல்லா."

அன்று பட்டறைக்குப் போனேன். லேத்தின் முன் நின்றேன். அதை ஓட்டாமலே நின்றதால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார்.

நான்காம் மாதம். ஞாயிறு, காலை பதினொரு மணி. முத்துலட்சுமி வந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதைக் கையிலேயே வைத்திருந்தாள். ஜெயாவிடம் கேட்டாள்.

"அக்கா, பிள்ள ரொம்ப அழுதாளா?"

நான் முந்திக்கொண்டேன். "இல்ல முத்து. ஒண்ணும் தெரியாமப் போயிட்டா."

"அழுதா" என்றாள் ஜெயா. "உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மணி நேரம் அழுதா. தண்ணி கேட்டா. சுவத்துல மழைத்தண்ணி வடிஞ்சுது. விரல நனைச்சு வாயில வச்சேன். சப்புனா. அப்புறம் சப்பல."

முத்துலட்சுமி தரையைப் பார்த்தபடியே, "அண்ணன் கை மட்டும் வழுக்காம இருந்தா, மூணு பேரும் வந்திருப்பீங்க" என்றாள்.

ஜெயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கையப் பிடிக்கவே இல்ல முத்து" என்றேன். "தூளில பிள்ள கெடக்கது எனக்குத் தெரியும். ஓடிட்டேன்."

முத்துலட்சுமி தம்ளரைத் தரையில் வைத்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது. ஜெயாவின் விரலிழந்த கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்து போனாள். என் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

மன்னிப்பு வரும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் அல்லவா. ஜெயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கட்டு நனைஞ்சிருக்கு. மாத்துங்க" என்றாள்.

மாற்றினேன்.

இப்போது அவள் மரக்காலைப் பூட்டிக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொள்வாள். விழப்போனாலும் என் கையைப் பிடிப்பதில்லை. சுவர் இல்லாத இடத்தில் விழுகிறாள்.

அந்தச் சந்தில் இருந்த வீடுகள், ஆறு. இன்று நிற்பவை, இரண்டு. இறந்தவர்கள், ஐந்து பேர். கோவிந்த் காகா. அவர் மனைவி. மீன்கடை சேவியர். அவர் மகள் ரோஸி, பத்தாம் வகுப்பு. தர்ஷினி.

ஜெயராணிக்குப் போனவை: இடது கால். வலது கையில் இரண்டு விரல். மூன்று வீட்டுச் சமையல் வேலை. என்னைக் கூப்பிட அவள் வைத்திருந்த செல்லப்பெயர்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.