பத்தாவது நீலத் தொப்பி

எனது பெயர் எல்கானா ஃபைஃபர், வயது 23, தகப்பனார் பெயர் நஹூம். நியூயார்க் மாநிலம் சல்லிவன் மாவட்டத்தில் யூத மாணவர்களுக்கு நடக்கும் கோடை முகாமில் மூன்று வருடங்களாகக் குழுப் பொறுப்பாளராக இருக்கிறேன். முதியவர் ஒருவரைக் கடத்தியதாக என்மேல் வந்துள்ள புகார் குறித்து இதைச் சொல்கிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை, குழு குழுவாக வெளியே போகும் நாள். ஒரு குழு குகைக்கும் ஒரு குழு ராட்டினப் பூங்காவுக்கும் போயின. என் குழுவில் ஒன்பது பையன்கள். ஒருவன் காலையில் கணுக்கால் சுளுக்கி நர்ஸிடம் தங்கிவிட்டான். மற்ற எட்டுப் பேரையும் வேனில் ஏரிக்கு அழைத்துப் போனேன். படகு ஓட்டினோம், அதன் பிறகு சாப்பிட்டோம், அதன் பிறகு பௌலிங்கில் கல்மன் என்ற பையன் என்னைத் தோற்கடித்து, அதை மாலை வரை சொல்லிக் காட்டினான்.

ஆறரை மணிக்கு அவிஷாய், வயது 15, என் பக்கத்தில் வந்து சும்மா நின்றான். அவன் அப்பா மார்ச் மாதம் இறந்துபோனார். இறந்த தகப்பனுக்காக மகன் தொழுகையில் சொல்ல வேண்டிய கதீஷை அவன் ஒரு வேளைகூட விட்டதில்லை. அதைச் சொல்லப் பதின்மூன்று வயது தாண்டிய யூத ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். என்னையும் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர். முகாமுக்குத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்து அந்த வேளைத் தொழுகை தப்பிவிடும். காலையிலேயே இதை யோசிக்காதது என் புத்திகெட்டத்தனம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"பரவால்லண்ணா, விடுங்க" என்றான் அவிஷாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐஸ்கிரீம் கடை வரிசையில் நின்ற நான்கு பேரிடம் நீங்கள் யூதரா என்று கேட்டேன். ஒருவர் முறைத்தார். அதன் பிறகு, வெயிலில் கம்பளிச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனேன்.

"தாத்தா, நீங்க யூதரா?"

"ஆமா. என்ன விக்கிற?"

"எதுவும் விக்கலை. ஒன்பது பேர் இருக்கோம்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா, மடையா!" என்று எழுந்துவிட்டார். அவர் சீமோர் லிப்ஸ்கர், வயது 86. வெறுந்தலையோடு தொழக் கூடாது என்பதால் அவிஷாய் முகாமின் நீலத் தொப்பி ஒன்றைக் கொடுத்தான். ஏரிக்கரையில் கிழக்கு நோக்கி நின்றோம். அவிஷாய் கதீஷ் சொன்னபோது பெரியவர் போட்ட ஆமேன் மற்ற எட்டுப் பேரின் குரலையும் அமுக்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு வேனில் ஏறினோம். எங்களில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பத்துச் சொற்கள் கொண்ட வேத வாக்கியம் ஒன்றை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வருவோம். இந்தக் கோடை முழுவதும் ஒன்பது பையன்களுக்கும் எனக்குமாக வாக்கியம் சரியாக முடியும். இன்றும் நீலத் தொப்பிகளைப் பார்த்துச் சொன்னேன், கடைசிச் சொல் என்மேல் வந்து முடிந்தது. எல்லாரும் இருக்கிறார்கள் என்று வண்டியை எடுத்துவிட்டேன். சுளுக்கினவன் வரவில்லை, ஒரு சொல் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

முகாமில் இறங்கியபோதுதான் பெரியவரைப் பார்த்தேன். "ராத்திரி சாப்பாட்டுக்கு சிக்கன் கட்லெட்னு சொன்னேன், ஏறிட்டாரு. நீங்கதான் எண்ணினீங்களேண்ணா!" என்றான் கல்மன். அவர் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்துக்குத் தகவல் சொல்ல நான் போனை எடுப்பதற்குள், வேனில் இருந்த முகாமின் பெயரை யாரோ சொல்லி உங்கள் போலீஸ் வண்டி வந்துவிட்டது.

பலவந்தமாக அழைத்து வந்தார்களா என்று அதிகாரி கேட்டதற்குப் பெரியவர், "இல்லத்துல என்னைக் காணோம்னு தேடினாங்க, சரி. அதுக்கு முன்னாடி இந்தப் பசங்க தேடினாங்க. இந்த வயசுல ஒரே நாள்ல ரெண்டு இடத்துல நான் இல்லாம குறைஞ்சிருக்கு. இதுக்கா கேஸ்?" என்றார். கட்லெட்டைக் கீழே வைக்கவில்லை.

பையன்கள் மேல் குற்றமில்லை, எண்ணினவன் நான். வியாழக்கிழமை மறுபடி வெளியே போகிறோம், கணுக்கால் அதற்குள் ஆறாது. இல்லத்தின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு லிப்ஸ்கர் தாத்தாவை அழைத்துப் போக அனுமதி கேட்டிருக்கிறேன். தொப்பியை அவர் திருப்பித் தரவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், அனைத்தும் உண்மை. யாருடைய கட்டாயமும் இன்றி இதைச் சொன்னேன். அவரும் யாருடைய கட்டாயமும் இன்றித்தான் வந்தார்.

(ஒப்பம்) எல்கானா ஃபைஃபர்