பதினான்காம் கதவின் பழுது

டீ ஆறிவிட்டால் எனக்குப் பிடிக்காது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் நான்கு சர்வர்கள். கார்டு காட்டித் திறக்கும் கதவுகளுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, பழைய கோப்புகளுக்கு ஒன்று. அவற்றை யாரும் எழுந்துபோய்த் தொட வேண்டியதில்லை. ஏழு பேருடைய மேஜையில் நிர்வாகத் திரை இருக்கிறது. எந்த சர்வர், அதன் முகவரி என்ன, எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், கடவுச்சொல் எத்தனை தடவை தவறலாம் என்று அவர்களுக்கு இணைப்புப் பட்டியல் எழுதிக் கொடுப்பவன் நான். பத்து வருடம் ஒழுங்காகத்தான் எழுதினேன்.

மேலாளர் நல்ல மனிதர். ஆனால் மெயில் ஒரு நிமிடம் தாமதமானால் போதும், அவருக்குக் கை துறுதுறுக்கும். பட்டியலில் முதலில் எது இருக்கிறதோ அதை ரீஸ்டார்ட் செய்துவிடுவார். முதலில் இருந்தது கதவு சர்வர். கட்டிடத்தின் பன்னிரண்டு கதவுகளும் இரண்டு நிமிடம் ஸ்தம்பிக்கும். கழிப்பறைக்குப் போனவர்கள் உள்ளேயும், போக வேண்டியவர்கள் வெளியேயும் நிற்பார்கள். மூன்று முறை எடுத்துச் சொன்னேன். “எனக்குத் தெரியாதாப்பா? மெஷின்னா அப்பப்ப ஒரு தட்டு தட்டணும்” என்றார்.

மாடிப்படிக்குக் கீழே பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. மேலாளரின் பட்டியலில் மட்டும் முகவரியை மாற்றி அதற்குத் திருப்பிவிட்டேன். அன்று மதியமே அவர் அதை ரீஸ்டார்ட் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “பாத்தியா, இப்போ மெயில் பறக்குது” என்றார். கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று, சொல்லுங்கள்.

நல்ல காரியத்தை ஒருவரோடு நிறுத்துவது நியாயமில்லை. ஒரே மாதத்தில் மற்ற ஆறு பேரையும் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்தேன். நான்கு சர்வர்களும் அங்கே இருப்பதுபோலவே காட்டும்படி பச்சை விளக்குகள், எண்கள், வரைபடங்கள் எல்லாம் நானே தயாரித்தேன். அசல் சர்வர்களை யாரும் சீண்டவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

ஆனால் பழுதே வராவிட்டால் மனிதர்கள் வாடிப்போகிறார்கள். ஆகவே ஆளுக்கேற்ற பழுது கொடுக்க வேண்டியிருந்தது. ஓய்வு பெறப்போகிற அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மதியம் சின்னதாக ஒன்று. ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். எதையும் நம்பாத ஒருவர் இருக்கிறார். அவருக்கு, யாரோ திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பார்த்ததுபோல வாரம் ஒரு தடயம். “நான் அப்பவே சொன்னேன்ல” என்று சொல்ல வருடக்கணக்காகக் காத்திருந்த மனிதர், கண் கலங்கிவிட்டார்.

அப்புறம் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஐந்து மாதத்துக்கு முன்பு நானே சொல்லி, கதவு சர்வருக்குப் பொறுப்பாகச் சேர்த்துவிட்டேன். ஏழு மேஜையில் ஒன்று காலியாகியிருந்தது. ஆறு மாதம் குறையில்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பையன் கெட்டிக்காரன். சாதாரணப் பழுதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வேறு எங்காவது மூக்கை நுழைப்பான். ஆகவே அவனுக்குப் பதினான்காவது கதவைக் கொடுத்தேன். தினமும் காலை பதினொரு மணிக்கு அது தானாகத் திறந்துகொள்ளும்.

கட்டிடத்தில் பன்னிரண்டு கதவுகள் என்று முன்பே சொன்னேன். பதின்மூன்றாவதற்கு நான் பழுது எதுவும் வைக்கவில்லை.

“அத்தான், இந்தப் பதினாலாவது கதவு எங்க இருக்கு? ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துடறேனே” என்று கேட்டான்.

“கீழ்த்தளத்துக்கும் கீழ இருக்கு. உன் கார்டுக்கு அங்க அனுமதி இல்ல” என்றேன்.

நான்கு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் விரலால் கதவு வரைவான். அதற்குக் கைப்பிடியும் போடுவான். “ஏங்க, எந்நேரமும் பதினாலு பதினாலுன்னு உளர்றான். நீங்க அவனுக்குக் கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா?” என்று மனைவி கேட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கதவைப் பதினொன்றரைக்குத் திறக்க வைத்தேன். அவனுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். அசல் கதவு சர்வரில் பதிவுகள் சேர்ந்து சேர்ந்து இடமில்லாமல் போய், அது நின்றுவிட்டது. மாதம் ஒருமுறை துடைத்திருக்க வேண்டும். துடைக்க வேண்டியவர்கள் தவறாமல் துடைத்தார்கள், படிக்கட்டுக்கு அடியில். நானும் அசலைத் தொடவில்லை. தொடக்கூடாது என்பதுதானே என் கொள்கை.

முந்நூற்றுப் பதினோரு பேர் உள்ளே. மேலாளர் வாசலில் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே. அவர் போனில் கத்தக் கத்த, படிக்கட்டுக் கம்ப்யூட்டரை எல்லோரும் சேர்ந்து ஒன்பது தடவை ரீஸ்டார்ட் செய்தார்கள். மச்சினன் போனை வாங்கி, “சார், எல்லாக் கதவும் தொறந்துதான் சார் இருக்கு, பச்சை காட்டுது” என்றான். மேலாளர் கண்ணாடியில் தலையால் முட்டிக் காட்டினார்.

அசல் முகவரி என் ஒருவனிடம்தான் இருந்தது. உடனே இணைக்கப் போனேன். முந்தின வாரம்தான் பாதுகாப்புக்காகக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். மூன்று தடவை தவறாகப் போட்டேன். தவறினால் நான்கு மணி நேரம் பூட்டிக்கொள்ளும்படி அமைத்தவனும் நான்தான். அந்த அமைப்பு ஒரு நொடிகூடப் பிசகாமல் வேலை செய்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு விசாரிக்க வந்த நீங்கள் படிக்கட்டுக்கு அடியில் பார்த்தீர்கள். அங்கே அதிகம் உழைத்தது என் மச்சினன் என்று பதிவுகள் சொன்னதால், எல்லாவற்றையும் செய்தது அவனே என்று முடிவு கட்டிவிட்டீர்கள். வேலைநீக்க உத்தரவு நாளை. பெண் வீட்டில் நிச்சயதார்த்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மனைவி மூன்று நாளாக அழுகிறாள். நான் என் கூடப்பிறந்தவன் மாதிரி வளர்த்த பையன். பொறுக்க முடியாமல் அவனுக்காகவே இங்கே வந்தேன். செய்தது நான், நான் மட்டும்தான்.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். நான்காம் பக்கத்தில், ‘இத்தனை பேரை இத்தனை காலம் நம்பவைத்த இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அபாரமான திறமைசாலி’ என்று எழுதி, அதற்குக் கீழே அவன் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். மற்றப் பக்கங்களை இப்போது போய்த் திருத்துவது உங்களுக்குச் சிரமமென்றால், அவை அப்படியே இருக்கட்டும்.