அண்ணனின் குரலுக்கு எந்த லினக்ஸ்?

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தால் நரைத்த அறிவுப் பெரியோர்களே! பிள்ளைகளின் கணினிப் பித்தைப் பொறுத்தருளும் தாய்மார்களே! விசைப்பலகையே வீணையென விரல் பழகிய இளைய தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

'உங்கள் நோக்கத்துக்கு ஏற்ற லினக்ஸ் எது?' இதுவே எனக்குத் தந்த தலைப்பு. கணினியை இயக்கும் இந்த அடிப்படை மென்பொருளுக்கு ஒரே கருவிலிருந்து எத்தனையோ பதிப்புகள்! வேகத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, பழங்கணினிக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. எதை எடுப்பது? எதை விடுப்பது? விடையாக, என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் வானொலியில் செய்தி வாசித்தவர். காற்றில் கலந்து வந்த அந்தக் கம்பீரக் குரலைத் தொண்டைப் புற்று கொண்டுபோயிற்று. உயிர் காக்கக் குரல்வளையை எடுத்தார்கள். அதன்பின் அவர் தட்டச்சு செய்வார், மடிக்கணினி பேசும். ஏற்ற இறக்கமில்லாத குரல்தான். அதற்கும் அண்ணி முகம் மலர்வார். "முன்னெல்லாம் ஊருக்கே பேசுவாரு. இப்பதான் எனக்கு மட்டும் பேசுறாரு" என்பார்.

கணினியை அமைத்துக் கொடுத்தவன் அவர்கள் மகன். கெட்டிக்காரன், பாசக்காரன். அன்றாடம் புதுமை வந்து இறங்கும் தன் அபிமானப் பதிப்பையே அப்பாவுக்கும் போட்டான். பழுதானால் சரிசெய்வது அவனுக்கு விளையாட்டு. எந்தப் பதிப்பா? சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னால் பாதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். மீதிப் பேர் அவர்களை அடிப்பார்கள்!

சிரித்தீர்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

அண்ணிக்கு இதய அறுவை சிகிச்சை. அன்று காலை மருத்துவமனை அறையில் அண்ணன் கணினியைத் திறந்தார். முந்தைய நாள் இறங்கிய புதுப்பிப்பு ஒலியை முடக்கியிருந்தது. தட்டினார், எழுத்து வந்தது, குரல் வரவில்லை. மகன் தரையில் அமர்ந்து கட்டளை மேல் கட்டளையாகத் தட்டினான். அதற்குள் தள்ளுபடுக்கை வந்துவிட்டது. அண்ணன் திரையை மனைவி பக்கம் திருப்பினார். அண்ணியின் மூக்குக்கண்ணாடியை ஏற்கெனவே கழற்றி வாங்கியிருந்தார்கள். அவருக்கு எழுத்து தெரியவில்லை. நான் படித்துச் சொல்லவா என்றேன்.

"நீ படிக்காதம்மா. அவரே சொல்லட்டும். வந்து கேட்டுக்கிறேன்."

அவர் வரவில்லை, பெரியோர்களே. வரவே இல்லை.

காரியங்களெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய ஒரு பிற்பகலில், மகன் தந்தையின் அருகே வந்து அமர்ந்தான். அதுவரை கேட்காத கேள்வியை அன்றுதான் கேட்டான்.

"உங்களுக்கு என்னப்பா வேணும்?"

அண்ணன் எழுதிக் காட்டினார்: "புதுசு எதுவும் வேணாம்பா. தொறந்தா பேசணும்."

இருந்ததையெல்லாம் அழித்தான். ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிலைத்து நிற்கும் நிதானமான பதிப்பொன்றைப் போட்டான். ஒலி வந்தது. அந்தக் கணினி பேசிய முதல் வாக்கியம் மகனுக்கானது: "உன்மேல எனக்கு வருத்தம் இல்ல."

வாலிபப் பிள்ளை வாய்விட்டு அழுதான். தந்தை அழுதார், அந்த அழுகைக்கு ஓசை இல்லை.

தோழர்களே! வேகமானது எது என்று கேட்கிறீர்கள். புதியது எது என்று கேட்கிறீர்கள். வல்லவர்கள் வைத்திருப்பது எது என்று கேட்கிறீர்கள். யாருக்காக என்று கேட்டீர்களா? எதற்காக என்று கேட்டீர்களா? கற்கவேண்டுமா, உடைத்துப் பாருங்கள், உடைவதும் பாடம்தான். ஆனால் ஒருவர் அதைக்கொண்டுதான் பேசுகிறார், பிழைக்கிறார் என்றால், உங்கள் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள். கேட்ட பிறகு கை வையுங்கள்.

கனத்த கதையைக் கலையாமல் கேட்ட உங்களுக்கு என் நன்றி. போய் வருகிறேன்; வணக்கம்.